ஜெனரலின் முடி கேட்டு வந்த கடிதங்கள்

கான்கார்டிலிருந்து வரும் ஒரு பத்திரிகை எங்கள் வீட்டு விஷயத்தைத் தவறாக அச்சிட்டுவிட்டது. பென்ஹாலோ குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் அதை ஒரு பென்ஹாலோதான் எழுத வேண்டும். ஆகவே எழுதுகிறேன். பட்டமளிப்பு நாளில் நான் "சிரித்த முகத்துடன் எழுந்து நின்றேன்" என்று அதில் இருக்கிறது. அது பொய். நான் எழுந்து நின்றது உண்மை.

உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் என் தம்பி அசா, ஹார்லோ கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றான். நான்கு வருடம் வர்ஜீனியாச் சேற்றில் ஒரு பிரிகேடை நடத்தியவன். இப்போது நியூ ஹாம்ப்ஷயர் மலையடிவாரத்தில் தொண்ணூறு மாணவர்களையும் ஐந்து பேராசிரியர்களையும் நடத்தினான். பேராசிரியர்கள்தான் அணிவகுப்பில் நிற்க மறுக்கிறார்கள் என்பான். கல்லூரியை நிறுவியவர் எங்கள் கொள்ளுத் தாத்தா நீதிபதி பென்ஹாலோ. தோள்வரை சுருண்டு விழும் வெள்ளை முடியுடன் அவருடைய படம் கல்லூரித் தேவாலய மேடைக்கு மேலே தொங்குகிறது. எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் தாத்தா, அப்பா, இரண்டு சித்தப்பாக்களின் படங்கள். எல்லாருக்கும் வாரி முடிக்கத்தக்க அடர்த்தி. பென்ஹாலோ ஆண்கள் முடியோடுதான் கல்லறைக்குப் போவார்கள் என்று அம்மா விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு.

அசாவுக்குப் போரின் இரண்டாம் குளிர்காலத்தில் முகாம் காய்ச்சல் வந்தது. அவன் பிழைத்தான். முடி பிழைக்கவில்லை. புருவம் மட்டும் மிஞ்சியது. நாடு முழுக்கக் கடைகளில் விற்ற அவனுடைய புகைப்படத்தில் ராணுவத் தொப்பி அணிந்திருந்ததால் ஹார்லோ ஊருக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று நான் நினைத்தேன்.

கடிதங்கள் வரத் தொடங்கின. தபால்காரர் அவற்றை மாவுச் சாக்கில் போட்டு அனுப்புவார். தான் செய்த தண்ணீர் பம்பைப் பாராட்டி நாலு வரி எழுதித் தரும்படி ஒருவர் கேட்டார். மகன் காலையில் கஞ்சி குடிக்கிறானா என்று ஒரு தாய் கேட்டாள். முதல் குளிர்காலத்தில் மட்டும் பதினேழு குழந்தைகளுக்கு அசா என்று பெயர் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அவற்றில் இரண்டு பெண் குழந்தைகள். "ஆற்றைக் கடக்கும்போது உங்கள் பூட்ஸைத் தொலைத்தவன் நான், நினைவிருக்கிறதா?" என்று ஒரு சிப்பாய் எழுதியிருந்தான். "நன்றாக நினைவிருக்கிறது. பூட்ஸ் கிடைத்ததா?" என்று தம்பி பதில் எழுதினான். காலை உணவுக்கு முன்பே எல்லாவற்றுக்கும் தன் கையால் பதில் எழுதி முடித்துவிடுவான், ஒரு வகைக் கடிதம் தவிர.

அந்த வகை முதலில் வந்த காலையில், ஆப்பிள் திணித்துச் சுட்ட பை இருந்த தட்டைத் தள்ளிவிட்டுக் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, இதுக்கு நீ பதில் எழுதிடு. எனக்குக் கூச்சமா இருக்கு."

"என்ன கேக்கறாங்க?"

"வெர்மான்ட்ல ஒரு சிப்பாயோட அம்மா. என் தலைமுடில ஒரு கொத்து கேக்கறாங்க. லாக்கெட்ல வச்சுக்கணுமாம்."

காபி ஊற்றிக்கொண்டிருந்த ஹனோரா திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் சமைக்கிற ஐரிஷ்காரி. சமையல் நன்றாகச் செய்வாள் என்பதால் சிரிப்பைப் பொறுத்துக்கொள்கிறேன்.

"நான் என்னன்னு எழுதறது?" என்றேன்.

"உள்ளதை எழுது. ஜெனரலுக்கு முடி இல்லைன்னு."

அசாவுக்கு உலகம் அவ்வளவு சுலபம். கல்லூரிக்கு வந்த அன்றே பழைய அறுபத்து நான்கு விதிகளையும் கிழித்துப்போட்டு ஒரே விதி வைத்தான்: பொய் சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டும். பின்னால் ஒரு வசந்தத்தில் லெமுவல் காக்ஸ் என்ற மாணவனை அப்படித்தான் அனுப்பிவிட்டான். மாமா இறந்துவிட்டார் என்று விடுப்பு வாங்கிக்கொண்டு சர்க்கஸ் பார்க்கப் போனான் அவன். மறுநாள் அதே மாமா ஒரு கூடை ஆப்பிளுடன் கல்லூரி வாசலில் வந்து நின்றார். நல்ல மாணவன். அசா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அனுப்பிவிட்டான்.

நான் எழுதும் மேசையில் உட்கார்ந்தேன். "ஜெனரலுக்கு முடி" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எதிர்ச் சுவரில் அப்பா, சித்தப்பாக்கள், எல்லாரும் அடர்ந்த முடியுடன் என்னைப் பார்த்தார்கள். வெர்மான்டில் ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடி, பென்ஹாலோவுக்கு வழுக்கையாமே என்று தேநீர் குடிப்பார்கள். நான் எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு டீக்கன் நின்றது.

டீக்கன் என் தம்பியின் குதிரை. சாம்பல் நிறம். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை ஏந்தி நடக்கும் பெரியவரான டீக்கனைப் போல அவசரமே இல்லாமல் நடப்பதால் சிப்பாய்கள் வைத்த பெயர். நான்கு வருடப் போரிலும் அவனைச் சுமந்தது. அதன் பிடரி மயிர் வெள்ளியும் சாம்பலும் கலந்து, நெற்றிப் பக்கம் பட்டு போல இருக்கும். ஐம்பத்தெட்டு வயது பென்ஹாலோ ஒருவருக்கு எப்படி நரைத்திருக்க வேண்டுமோ அப்படியே.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கொத்தை நானே சோப்புப் போட்டு அலசினேன். "அம்மா, அது சூப் கிண்ணம்மா" என்று ஹனோரா கத்தினாள். நீல நூலால் கட்டி, குடும்ப முத்திரை உள்ள அட்டையில் வைத்து, உறையில் போட்டேன். அட்டையில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதாத எதுவும் பொய்யாகாது என்று அன்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு வசதியாகத் தோன்றியது என்பதை இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது.

நன்றிக் கடிதம் வந்தது. அந்தத் தாய் அதை இதயத்துக்குப் பக்கத்தில் அணிந்திருப்பதாக எழுதியிருந்தாள். அசா வாசித்துவிட்டு, "பாவம், முடி இல்லைன்னு சொன்னதுக்கு இவ்வளவு நன்றியா. நல்ல மனுஷி" என்றான். அதற்குள் என் மேசையில் இன்னும் நான்கு கடிதங்கள் இருந்தன.

இரண்டரை வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கு அனுப்பினேன் என்று பெயர் எழுதிவைத்திருந்தேன். தவறு செய்தாலும் ஒழுங்காகச் செய்வதுதான் எங்கள் குடும்பம்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டாம் ஆண்டு வசந்தத்தில் ஒஹாயோவிலிருந்து கடிதங்கள் கூடத் தொடங்கின. ஸ்டில்வாட்டர் என்ற ஒரே வட்டாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று. அங்கிருந்து ஒரு முழு ரெஜிமென்ட் அசாவின் பிரிகேடில் இருந்தது, அதனால் நான் சந்தேகப்படவில்லை. ஒரு பெண், "முடிந்தால் கொஞ்சம் நீளமாக" என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி, "சாம்பல் நிறம் அதிகமாக உள்ள பக்கத்திலிருந்து." மரியாதை தெரியாத வட்டாரம் என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன்.

மே மாதத்தில் ஒரு நாள் அசா லாயத்திலிருந்து கவலை முகத்துடன் வந்தான்.

"அக்கா, டீக்கனுக்கு முடி கொட்டுது."

நான் பின்னலைக் கீழே வைக்கவில்லை. "வயசாயிடுச்சு இல்லையா."

"பிடரி பாதி காணோம். நெத்தில சுத்தமா இல்ல. எலி கடிச்ச மாதிரி இருக்கு. இது ஏதோ வியாதி."

அன்று முதல் காலையும் மாலையும் பன்றிக் கொழுப்பில் கந்தகம் குழைத்து அந்தக் குதிரையின் கழுத்தில் தேய்த்தான். தனக்குத் தெரிந்த குதிரைப்படை அதிகாரிகள் எல்லாருக்கும் எழுதினான். ஆளிவிதை கொடுக்கச் சொல்லி ஒருவர், பீர் கொடுக்கச் சொல்லி ஒருவர் பதில் எழுதினார்கள். கொடுத்தால் குணமாகாது, ஆனால் குதிரை கவலையை விட்டுவிடும் என்றிருந்தது இரண்டாவது கடிதத்தில். ஒரு மாலை லாயத்துப் பக்கம் போனேன். அசா தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் தலையை டீக்கனின் நெற்றியில் சாய்த்து நின்றான்.

"பரவால்லடா. எனக்கும் இப்படித்தான் போச்சு. பழகிடும்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் சத்தம் செய்யாமல் திரும்பி வந்தேன். சமையலறையில் ஹனோரா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஐயாகிட்ட சொல்லிடுங்கம்மா. குதிரை பாவம், உடம்பெல்லாம் கந்தக நாத்தம்."

"உன் வேலையைப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கறேன். அந்த நாத்தம் என் துணி காயற கயித்துக்கு வருது."

ஜூன் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. அது எனக்கல்ல, அசாவுக்கு. ஸ்டில்வாட்டர் பெண்கள் சங்கத்தின் தலைவி கெசையா ட்ரம்புல் எழுதியிருந்தாள். அவன் மேசையில் உரக்க வாசித்தான். "எங்கள் வட்டாரத்துப் பெண்கள் நாற்பத்தொரு பேர், உங்கள் சகோதரி அன்புடன் அனுப்பிய முடியை எல்லாம் ஒன்று சேர்த்திருக்கிறோம். முடியால் பூவும் படமும் செய்யும் முடிவேலையில் முப்பது வருடப் பழக்கம் உள்ள நான் அதைக் கொண்டு சட்டத்துக்குள் ஒரு சித்திரம் செய்திருக்கிறேன். பட்டமளிப்பு நாளில் நேரில் வந்து கல்லூரிக்கு அளிக்க அனுமதி வேண்டும். இவ்வளவு உறுதியான முடியில் நான் இதுவரை வேலை செய்ததில்லை."

அசா கடிதத்தை இறக்கினான். "என்ன முடி அக்கா?"

எனக்கு அறுபத்து நான்கு வயது. அந்த நிமிடம்வரை என் தம்பி கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் கண்ணை விலக்கிக்கொண்டு பதில் சொன்னதில்லை.

"பழைய விஷயம். அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அவன் தலையசைத்தான். என் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அப்படி. அதற்குமேல் அவன் கேட்கவே இல்லை என்பதுதான் என்னை வதைத்தது.

அவர்கள் வந்து அவன் தலையைப் பார்த்தால் போதும். ஒரே பொய்க்காக மாணவனை வீட்டுக்கு அனுப்புகிறவன், குதிரை மயிரைத் தன் தலைமுடி என்று நாடெல்லாம் அனுப்பினான் என்று நாற்பத்தொரு பெண்கள் ஒஹாயோவில் போய்ச் சொல்வார்கள். யார் கத்தரித்தார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. போரில் நான்கு வருடம் சம்பாதித்த பெயர் ஒரு மதிய வேளையில் போய்விடும். பட்டமளிப்புக்கு மூன்று வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று காலையில் முடிவு செய்வேன். இரவு உணவுக்குள் அந்த முடிவு உளுத்துப்போகும்.

"இதுல என்ன பெரிய விஷயம்?" என்றாள் ஹனோரா. "காய்ச்சலுக்கு முன்னாடியே வெட்டி எடுத்து வச்சிருந்தேன்னு சொல்லிடுங்க. முடி வேலை பண்றவளுக்கு மட்டும்தான் சந்தேகம் வரும். அவ ஒருத்தி சொன்னா யாரு நம்பப்போறா, பென்ஹாலோ அம்மா சொன்னதுக்கு மேல?"

நல்ல யோசனை. அதுதான் பயமாக இருந்தது.

பட்டமளிப்பு நாள் ஜூலை மாத நடுவில், வியாழக்கிழமை. தேவாலயம் நிரம்பி வழிந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்தும் விசிறிகள் நிற்கவில்லை. லத்தீன் உரைகள் வழக்கம்போல முடிந்தபின் ஒஹாயோ பெண்கள் ஏழு பேர் நடுவழியாக வந்தார்கள். இரண்டு பேர் போர்வை சுற்றிய ஒரு பெரிய சட்டத்தைத் தூக்கி வந்தார்கள். கெசையா ட்ரம்புல் முன்னால் நடந்தாள். நல்ல உயரம், உழவு வேலை செய்த கைகள், பச்சை நிறத்தில் அழகில்லாத ஒரு தொப்பி. மேடைக்குக் கீழே வந்து நின்றாள். மேடையில் அசா வெறுந்தலையுடன் எழுந்து நின்றான். மேலே கண்ணாடிக் கூரை ஜன்னல் இருக்கிறது. அவன் தலை மெருகேற்றிய செம்புப் பானை போல மின்னியது.

ட்ரம்புல் அந்தத் தலையைப் பார்த்தாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ஜெனரல், உங்க அக்கா எங்களுக்கு அனுப்பின முடியக் கொண்டு வந்திருக்கோம். ரெண்டு நாள் ரயில்ல, மடியில வச்சு. நீங்க வாங்கிக்கணும்."

தேவாலயத்தில் மெல்லிய சலசலப்பு. ஊரார் எல்லாருக்கும் அவன் தலை தெரியும். மாணவர்கள் வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

அசா குனிந்து வணங்கினான். "நீங்க இவ்வளவு தூரம் வந்தது எங்களுக்குப் பெருமை. என் தலைல என்ன இருக்குன்னு நீங்களே பாக்கறீங்க. அறுபத்திரண்டாம் வருஷத்துக்கு அப்புறம் இங்க ஒண்ணும் முளைக்கல." சிரிப்பு எழுந்தது. அவன் கையை உயர்த்தினான். "இந்த முடி எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா என் அக்கா அனுப்பியிருந்தா, காய்ச்சலுக்கு முன்னாடியே வெட்டி எடுத்து பத்திரமா வச்சிருந்திருக்கணும். எங்க அக்கா வாழ்க்கைல ஒரு பொய் சொன்னதில்ல. இந்தக் கல்லூரில இருக்கிற ஒரே விதி எங்கிட்டேருந்து வரல. சின்ன வயசுல அவங்ககிட்டேருந்து நான் கத்துக்கிட்டது."

நான் முதல் வரிசையில் இருந்தேன். ஹனோரா சொல்லிக்கொடுத்த பொய்யை என் தம்பியே, பொய் என்று தெரியாமல், எனக்காகச் சொல்லி முடித்துவிட்டான். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுந்து நின்றேன். முகத்தில் சிரிப்பு இல்லை என்பதை மீண்டும் சொல்லிக்கொள்கிறேன். முன்னிருந்த தடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தலைவர் சொன்னது தப்பு" என்றேன். எனக்குப் பெரிய குரல். அன்று அது கூரைவரை போனது. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. அது அவர் முடி இல்ல. அவர் குதிரையோட முடி. இருநூத்திப் பன்னிரண்டு பேருக்கு நான்தான் வெட்டி அனுப்பினேன். எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு வழுக்கைன்னு எழுத எனக்கு மனசு வரல. பொய் சொன்னது நான். ஜெனரல் பேரை யாரும் இதுல இழுக்கக் கூடாது."

உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். தேவாலயத்தில் ஒரு விசிறிகூட அசையவில்லை.

ட்ரம்புல் என் பக்கம் திரும்பினாள். "உக்காருங்கம்மா" என்றாள். "முதல் இழையத் தொட்டப்பவே எனக்குத் தெரியும். நான் குதிரைப் பண்ணைல பொறந்தவ."

"தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சப்போ எங்க ஊர்ப் பெண்களுக்குக் கோபம்தான். மில்காரர் மனைவி திருப்பி அனுப்பிடணும்னாங்க. அப்போ என் பக்கத்து வீட்டு அபிகயில் மட்டும், குதிரை என்ன நிறம்னு கேட்டா. சாம்பல்னேன். அவ அப்படியே உக்காந்துட்டா." ட்ரம்புல் பின்னால் கையைக் காட்டினாள். சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்த சிறிய உருவம்தான் அபிகயில். "அவ மகன் வெஸ்லிக்குக் கால்ல குண்டு. ஜெனரல் தான் இறங்கிக்கிட்டு அவனைக் குதிரைல ஏத்திட்டு, பதினோரு மைல் சேத்துல நடந்தாரு. இன்னிக்கு வெஸ்லி கருமான் பட்டறை வச்சிருக்கான். வீட்டுக்கு எழுதின கடிதத்துல ஜெனரலைப் பத்தி ரெண்டு வரி. குதிரையப் பத்தி நாலு பக்கம்."

"அஞ்சு பக்கம்" என்றாள் அபிகயில்.

"அஞ்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வீட்டுலயும் பழைய கடிதத்தை எடுத்துப் பாத்தோம். எங்க பிள்ளைங்க ஒன்பது பேர் அந்த முதுகுல வந்திருக்காங்க. அதுல ஏழு பேர் இப்போ வீட்டுல இருக்காங்க. கோபம் எங்க போச்சுன்னே தெரியல. அப்புறம்தான் நாங்க எல்லாருமா உங்களுக்கு எழுத ஆரம்பிச்சோம், சித்திரத்துக்குப் போதல, இன்னும் அனுப்புங்கன்னு. நீளமா கேட்டது நான்தான்."

போர்வையை இழுத்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால், கறுப்பு வெல்வெட்டின் மேல், டீக்கன் நின்றது. அதன் மயிராலேயே செய்த டீக்கன். ஒவ்வொரு தசையும் அடர்ந்த சாம்பலில், நெற்றி வெள்ளியில், அவசரமில்லாத அந்தக் கால் தூக்கிய நடை அப்படியே. பிடரி முழுசாக இருந்தது. சுற்றி ஒன்பது சின்னப் பூக்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் வேறு நிறத்தில் ஒரு கொத்து, பழுப்பு, மஞ்சள், சிவப்பு. அவை அந்த ஒன்பது பிள்ளைகளின் முடி.

அசா மேடையிலிருந்து இறங்கி வந்தான். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, அப்போ டீக்கனுக்கு வியாதி இல்லையா?"

"இல்ல."

"நான் ரெண்டு மாசமா கந்தகம் தேய்க்கறேன்."

"தெரியும்."

"பீர் வேற கொடுத்தேன்."

"அது எனக்குத் தெரியாது" என்றேன்.

அவன் சிரிக்கத் தொடங்கினான். போருக்குப் போகுமுன் நான் கேட்ட சிரிப்பு அது, எங்கள் அப்பாவின் சிரிப்பு. அதைத் திரும்பக் கேட்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. மாணவர்கள் பெஞ்சுகளைத் தட்டினார்கள். கிரேக்கப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அசா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு மேலே இருந்த படத்தைக் கையால் காட்டினான்.

"எல்லாரும் அங்க பாருங்க. நீதிபதி பென்ஹாலோ. அந்தச் சுருட்டை முடி முழுக்க விக். அது எதால செஞ்சதுன்னு நினைக்கறீங்க? குதிரை முடி. எங்க குடும்பத்துக்கு இது புதுசு இல்ல."

அறுபத்து நான்கு வருடம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த விக் எங்கள் பரணில்தான் பெட்டிக்குள் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நானே வெயிலில் வைக்கிறேன். ஆனாலும் அப்படி யோசித்ததில்லை.

அன்று மாலை வீட்டில் ஏழு ஒஹாயோ பெண்களும் சாப்பிட்டார்கள். ஹனோரா இரண்டு வாத்துகளை வாட்டி, எட்டு ஆப்பிள் பை சுட்டிருந்தாள். அபிகயில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் லாயத்துக்குப் போய்விட்டாள். டீக்கனுக்கு ஒஹாயோவிலிருந்து கைப்பையில் கொண்டுவந்த மேப்பிள் சர்க்கரையை ஊட்டினாள். கெசையா ட்ரம்புல் சாப்பாட்டு அறைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்ல முடி. வேலைக்கு வராது, ரொம்ப மிருது" என்றாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

பை வெட்டும்போது நான் அசாவிடம் நேராகக் கேட்டேன். "விதி என்ன ஆச்சு?"

"என்ன விதி?"

"பொய் சொன்னா வீட்டுக்குப் போகணும்."

"நீ வீட்டுலதான் இருக்க."

"சிரிக்காதே. எனக்கு விலக்கு வேண்டாம். பென்ஹாலோங்கறதுக்காக நீ ஒரு விலக்கு கொடுத்தேன்னு வெளில பேச்சு வந்தா அதுதான் அவமானம்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "சரி. யார் யாருக்கு அனுப்பினியோ எல்லாருக்கும் உண்மைய எழுது. உன் கையால. அதோட தண்டனை முடிஞ்சுது."

"அப்போ லெமுவல் காக்ஸ்?"

ஹனோரா கையில் தட்டுடன் கதவருகில் நின்றாள்.

"அவனும் யாருக்கு என்ன பொய் சொன்னான்னு எழுதட்டும்" என்றான் அசா. "கிரேக்க வாத்தியாருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, அந்த மாமாவுக்கு ஒண்ணு. எழுதிட்டு செப்டம்பர்ல வரட்டும்."

"மாமாவுக்கு நீளமா எழுதணும்" என்றாள் ஹனோரா. "உயிரோட இருக்கறவரைச் சாகடிச்சிருக்கான்."

செப்டம்பரில் லெமுவல் வந்தான். அவன் மாமாவும் வந்தார், ஆப்பிளுடன். நான் அதற்குள் நூற்று நாற்பது கடிதம் எழுதி முடித்திருந்தேன். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான்: ஜெனரலுக்கு முடி இல்லை. நான் அனுப்பியது அவருடைய குதிரையின் பிடரி மயிர். மன்னிக்க வேண்டும். தாமசின் பென்ஹாலோ. முதல் பத்தை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் எழுந்து அறையைச் சுற்றி நடந்தேன். ஐம்பதாவதைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுதியதாக ஹனோரா சொல்கிறாள். நான் முணுமுணுப்பதில்லை.

கோபமாக ஆறு பதில்கள் வந்தன. அவற்றை வைத்திருக்கிறேன், நியாயமானவை. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. டீக்கனுக்கு ஓட்ஸ் மூட்டைகள் வந்தன. முதல் கொத்தை வாங்கிய வெர்மான்ட் தாய் தன் லாக்கெட்டைக் கழற்றவில்லை என்றும், என் கடிதத்தை மடித்து நகைப்பெட்டியில் வைத்திருப்பதாகவும் எழுதினாள். பிறகு, ஜெனரலுக்கு முடி இல்லை என்ற செய்தி பரவியதால், தொப்பிகள் வரத் தொடங்கின. கம்பளித் தொப்பி, பின்னல் தொப்பி, காது மறைக்கும் தொப்பி, இரவில் போடும் தொப்பி. கிறிஸ்துமஸ் வாரத்தில் மாவுச் சாக்கில் அறுபத்து மூன்று தொப்பிகள் இருந்தன. அசா எல்லாருக்கும் தன் கையால் நன்றி எழுதினான். நீலத் தொப்பி ஒன்று பெரிதாக இருந்ததால், காதுக்கு இரண்டு ஓட்டை வெட்டி டீக்கனுக்குப் போட்டான்.

கான்கார்டுப் பத்திரிகை இதை வைத்து ஏதோ வேடிக்கைக் கட்டுரை எழுதியது. அதில் உள்ள மற்ற தவறுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கனின் பிடரி இந்த வசந்தத்தில் முழுசாக வளர்ந்துவிட்டது. கெசையா ட்ரம்புல் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். நான் பதில் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அசா ஒரு புதுத் தொப்பியுடன் மேசைக்கு வந்தான். மினசோட்டாவில் ஒரு சிப்பாயின் மனைவி பின்னியது. ஆரஞ்சு நிறம், உச்சியில் முயல்வால் போல ஒரு குஞ்சம். கல்லூரிக்கு இதைப் போட்டுக்கொண்டு போகப் போகிறானாம். கண்ணாடியில் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டான்.

"எப்படி இருக்கு அக்கா?"

சுவரில் அப்பாவும் சித்தப்பாக்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சகிக்கல" என்றேன்.

அவன் அதையே போட்டுக்கொண்டு போனான். நான் ஜன்னலிலிருந்து, கல்லூரி வாசல்வரை அந்தக் குஞ்சம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.